தொட்டிச் செடிகள்

கொத்தமல்லி விதையை அப்படியே மண்ணில் போட்டால் சரியாக முளைக்காது. உள்ளங்கையில் வைத்து லேசாகத் தேய்த்து, இரண்டாக உடைத்துப் போட வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. முதல் தடவை முழு விதையாகத் தூவிவிட்டு, தினமும் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போய்க் குனிந்து பார்ப்பேன். மண் மண்ணாகவே கிடக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம், மூலிகை வளர்ப்பதில் நான் கைதேர்ந்தவள் என்று இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நான் வெறும் கற்றுக்குட்டி. மற்றதையெல்லாம் எழுதியபடியே வைத்துக்கொள்ளலாம், நான் மறுக்கப் போவதில்லை. காரணத்தை மட்டும் என் வாயால் கேளுங்கள். அது உங்களுக்கு நியாயமாகப் படாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

தொட்டிகளை வாங்கிக் கொடுத்ததே என் தங்கைதான். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி வில்லையின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்தும் வேலை. விரல்களில் நடுக்கமே இருக்காது. சின்ன வயதிலிருந்து வலிப்பு வந்த பிள்ளை என்று சொன்னால் அந்தக் கடையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் வந்தது. பள்ளிக்கூட வாசலில், பேருந்தில், சாப்பாட்டுத் தட்டின் மேல் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். அம்மா போனபின் அவளுக்கு நான், எனக்கு அவள். நான் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டேன். காலை முறை வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், அவள் வீடு திரும்பும்போது நான் இருக்க வேண்டுமே. மேற்பார்வையாளர் பதவி வந்தபோது வேண்டாம் என்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் வேண்டாம் என்றேன். இதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக் காட்டவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவளுக்குக் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி ஊறிக் கிடப்பது பிடிக்கும். வலிப்பு உள்ளவளுக்கு ஆகாத ஆசை. அவ்வளவுதானே கேட்கிறாள் என்று நான் தடுக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, நான் வெளியே முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், பேசிக்கொண்டே குளிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். மூக்கே இல்லாத ஒருவருக்குக் கண்ணாடி மாட்டப் பட்ட பாட்டை அவள் சொல்லக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பேச்சு நின்றால் நான் உள்ளே ஓடுவேன். எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். நான் ஓடியதால்தான் அவள் இத்தனை நாள் இருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு புது மருத்துவர் ஒருவர் மருந்தை மாற்றினார். வெள்ளை உறைக்குள் தூள் அடைத்த மாத்திரை. வலிப்பு நின்றது. முதலில் நம்ப முடியவில்லை, அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் குளியலறைக்குள் போனவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். நான் முக்காலியுடன் வெளியே நின்றேன்.

"என்னடி, தாப்பா போட்டுட்ட?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நீ போய் உன் வேலையப் பாரு."

எனக்கு வேறு வேலை இல்லை. மணிக்கட்டு போய்விட்டதால் ஓட்டலிலிருந்து நான் நின்றுவிட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட்காரர் வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய் அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்தவர், அவள் பயந்துவிடக் கூடாதே என்று மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே கீழே இறக்கினார். அன்று ஆரம்பித்த பேச்சு நிற்கவே இல்லை. மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் வரும்போது எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். என்னை அக்கா என்றார். அவருக்கு நான் எந்த வழியில் அக்கா என்று தெரியவில்லை.

கல்யாணம் முடிவானது. அதற்கு அடுத்த வாரம் தங்கை மண் மூட்டையும் தொட்டிகளும் விதைப் பொட்டலங்களுமாக வந்து பால்கனியில் இறக்கினாள்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"சும்மாதான். நான் போனதுக்கப்புறம் உனக்கும் பாத்துக்க ஏதாவது வேணும்ல?"

பிரியமாகத்தான் சொன்னாள். அதை மறுக்கவில்லை. பாதி வாழ்க்கையை ஒருத்திக்காக வைத்திருந்தவளிடம், அந்த இடத்தில் புதினாவை வைத்துக்கொள் என்று பிரியமாகச் சொன்னாள்.

நானும் வைத்துக்கொண்டேன். கொத்தமல்லி முளைக்காத கதையைச் சொல்லிவிட்டேன். புதினா முளைத்தது, ஆனால் மஞ்சளடித்துத் துவண்டது. ஒரு தண்டைப் பிடுங்கிக்கொண்டு செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வேரை முகர்ந்து பார்த்தார்.

"அழுகிப்போச்சும்மா. ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி ஊத்துறீங்க?"

"தோணும்போதெல்லாம்."

"புதுசா வளக்குறவங்க எல்லாருமே இப்படித்தான், கவனிச்சுக் கவனிச்சே கொன்னுடுவாங்க. கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவனிப்பதைக் குற்றம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஈரம் தாங்கும் செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வல்லாரை கொடுத்தார். எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும், மூளைக்கும் நரம்புக்கும் நல்லது என்றார்.

அது பிடித்துக்கொண்டது. வட்ட வட்டமாக இலை விட்டு, தொட்டி விளிம்பைத் தாண்டி அடுத்த தொட்டிக்கும் கொடி ஓடியது. நானே வளர்த்து நன்றாக வந்த முதல் செடி. அதற்குப் பிறகு மறுபடி நட்ட புதினாவும் பிழைத்துக்கொண்டது. இலையைக் கஷாயம் வைத்து ஒரு டம்ளர் நீட்டினேன். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதுக்கா."

"தினமும் குடிச்சா அந்த மாத்திரையே வேணாம். செடிக்கடைக்காரரே சொன்னாரு."

அவர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

"மாத்திரையால தான்க்கா நான் மனுஷியா நடமாடுறேன்" என்றாள். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

மாத்திரையால். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்ததால் இல்லை, ஓடி ஓடித் தூக்கியதால் இல்லை.

வல்லாரையை நிழலில் காயவைத்தால் நிறம் மங்காது. அரைத்துச் சலித்தால் முகப்பவுடர் மாதிரி மெல்லிய பொடி கிடைக்கும். வெள்ளை உறையைப் பக்குவமாகத் திருகினால் இரண்டாகக் கழன்று வரும். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு என் பொடியை அடைத்து மூடினேன். மணிக்கட்டு வலித்தது. ஆனாலும் ஒரு உறைகூட நசுங்கவில்லை. விஷம் வைத்தேன் என்று வெளியே பேசுகிறார்களாம். என் தங்கைக்கு நான் விஷம் கொடுப்பேனா? கொடுத்தது இலை. பூச்சிமருந்து எதுவும் படாத இலை, என் கையால் வளர்த்தது.

என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மருந்தை நிறுத்தினால் வலிப்பு திரும்பும் என்று அந்த மருத்துவர் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவளே நான்தான்.

திரும்பியது. கடையில், வில்லை தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால். முகவாயில் போட்ட தையலோடு அவளை லிஃப்ட்காரர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நான் படுக்கையை விரித்துத் தயாராக வைத்திருந்தேன். அன்று குளிக்கப் போனவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய உக்காந்துக்கிறியா?"

முக்காலியை எடுத்துப் போட்டேன். கதவு திறந்தே இருந்தது. அந்த நாட்களை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். நாங்கள் இருவரும் நன்றாக இருந்தோம்.

மருத்துவர் அளவைக் கூட்டினார். அதிக மாத்திரை என்றால் எனக்கு அதிக வேலை, வேறொன்றும் இல்லை. வலிப்பு நிற்காததால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து ரத்தத்தில் தென்படவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று மருத்துவர் குரலை உயர்த்தினார். லிஃப்ட்காரர்கூட, "மறந்திருப்பியோ, யோசிச்சுப் பாரு" என்றார். வீட்டுக்கு வந்து என் மடியில் படுத்து அழுதாள்.

"ஒரு வேளகூட விடலக்கா. அம்மா மேல சத்தியமா. யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க."

"நான் நம்புறேன்டி" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். அவள் சொல்வது உண்மை என்று உறுதியாகத் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதானே. அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்படியே தூங்கிப்போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. மருத்துவமனையில் படுக்க வைத்து, மாத்திரையை நாங்களே கையில் கொடுத்து விழுங்க வைத்துப் பார்க்கிறோம் என்றார் மருத்துவர். அவளும் சரி என்றாள். அதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னாள்.

"வெளிய வந்ததும் கல்யாணத்த முடிச்சுடலாம்னு இருக்கோம்க்கா. வலிப்பு நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி."

"குளிக்கிறப்போ?"

"அவர் உக்காருவாராம். நானே கேட்டுட்டேன்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நீ எவ்வளவு காலந்தான் உக்காருவ? உனக்கும் வயசாகுதுல்ல?"

மாட்டிக்கொள்வேன் என்று பயந்து செய்தேன் என்று உங்கள் உதவியாளர் சொல்கிறார். இல்லை. மாட்டிக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தால், மிச்ச மாத்திரைகளை அவள் கைப்பையிலேயே விட்டு வைத்திருப்பேனா? நீங்கள் ஒன்றைத் திறந்து மேசையில் பச்சையாகக் கொட்டிக் காட்டினீர்கள். நான் முகத்தைத் திருப்பவில்லையே.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய அன்று காலை வெந்நீர் நிரப்பினேன். சூடு சரியாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்த்தேன். அவள் உள்ளே போனாள், நான் முக்காலியில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டுதான் இருந்தாள். புது வீட்டைப் பற்றி.

"அங்க சமையக்கட்டு ஜன்னல்ல நல்ல வெயிலுக்கா. உன் புதினாவுல ஒரு தண்டு குடு, நான் கொண்டுபோய் வெச்சு, அது நல்லா..."

அவ்வளவுதான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பேச்சு அப்படி நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். என் காலுக்கும் தெரியும், பாதி எழுந்துவிட்டேன். தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. கதவில் கை வைத்தேன். லேசாகத் தள்ளினால் திறக்கும் கதவு. அப்போது தோன்றியது: அவர் உட்காருவாராம். உட்காரட்டுமே. உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியுமா, அவளுக்குத்தான் தெரியுமா?

கையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். புதினா நுனி விட்டிருந்தது. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் பக்கவாட்டில் தழைக்கும், இல்லாவிட்டால் ஒற்றைத் தண்டாக வளர்ந்து சாயும். எல்லாத் தொட்டிகளிலும் வரிசையாகக் கிள்ளினேன். நன்றாக இருந்ததில் ஒரு தண்டைத் தனியாக வெட்டி, அவள் கேட்டாளே என்று டம்ளர் தண்ணீரில் வைத்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

லிஃப்ட்காரர் வந்து கேட்டது ஒரே கேள்விதான். "கூடவே இருந்தீங்களேக்கா, ஒரு தடவ உள்ள எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?" அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். மருந்தைக் கொட்டியது நான். திறக்கக் கூடிய கதவைத் திறக்காமல் திரும்பியது நான். இன்னொரு தடவை அதே முக்காலியில் உட்கார வைத்தாலும் இதைத்தான் செய்வேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இதில் எங்கேயும் போடாதீர்கள், போட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அவள் தனியாக இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய். அவளை நான் ஒரு நாளும் தனியாக விட்டதில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.