பதினாறு வரிக்கு ரசீது

ரசீது குடுத்தாம்மா. எனக்கு. ரைனெல் எனக்கு ரசீது குடுத்தா. தேதி போட்டு, 'டெமெட்ராவிடமிருந்து முந்நூறு டாலர், பதினாறு வரிக்காகப் பெற்றுக்கொண்டேன்'னு அச்சடிச்சு, கீழ கையெழுத்துப் போட்டு... இரு, தலையை ஆட்டாத, வகிடு கோணிக்கும். அப்புறம் ஆறு வாரத்துக்குக் கோணத்தலையோடதான் ஆபீசுக்குப் போகணும்.

ஆமா, நீ நாக்ஸ்வில்லேருந்து புதுசா வந்தவன்னு சொன்னேல்ல, உனக்கு ரைனெலைத் தெரியாது. மெம்ஃபிஸ்ல இந்த வைட்ஹேவன் பக்கம் எந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும் சொல்லும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறா. ராப் பாடுறா. நானும் பாடுறவதான். வாரத்துல அஞ்சு நாள் இங்க தலை பின்னுவேன், மிச்ச நாள்ல நான் 'மேடம் டீ'. எனக்குப் பின்னாடி கம்பெனி கிம்பெனி ஒண்ணும் கிடையாது. என் பாட்டு, என் காசு, என் தலையெழுத்து. கேட்டிருக்கியா? இல்லையா. பரவால்ல, ஊர்ல நிறைய பேர் கேட்டதில்ல.

நீயே ஒரு நியாயம் சொல்லு. ஒருத்தி பாட்டுப் போடுறா, நடுவுல கூட்டாளி ஒருத்தி வந்து பதினாறு வரி பாடிட்டுப் போறா. இது காலங்காலமா நடக்குறதுதானே. இன்னிக்கு நீ என் பாட்டுல வா, நாளைக்கு நான் உன் பாட்டுல வரேன். ஒரு தட்டு கோழி விங்ஸ் வாங்கி வை, முடிஞ்சுது கணக்கு. இதுல எங்கேருந்து வந்துச்சு விலைப்பட்டியல்? எங்க சர்ச்சுல பக்கத்துல நின்னு பாடுறவ, 'ஆமென்' சொல்றதுக்குக் கைநீட்டினா எப்படி இருக்கும்?

என்னது? தலை பின்ன நான் காசு வாங்கலையான்னா?

அது வேற, இது வேற. முடி பின்னினா விரல் வலிக்கும். பாரு, இந்தக் கட்டைவிரலைப் பாரு, மடக்கவே முடியல. வாய்க்கு என்ன வலி? எங்க எர்னஸ்டீன் அத்தையும் இதைத்தான் கேட்டாங்க. போன ஜூன்ல சொந்தக்காரங்க எல்லாம் ஒண்ணுகூடுற விசேஷம், அதுக்குப் பின்னணும்னு வந்து உக்காந்துக்கிட்டு, குடும்பத்துக்குள்ள என்னடி காசுன்னாங்க. அத்தை, இது என் தொழில், தொழிலை மதிக்காதவங்க என்னை மதிக்காதவங்கன்னு நல்லா உறைக்கிற மாதிரி சொன்னேன். சவுரிக்குத் தனியா வேற வாங்கினேன். சிரிக்காத. சிரிச்சா தலை ஆடுது.

சரி, காசு குடுத்து வரி வாங்கினதே இல்லையான்னா, வாங்கினேன். அதைச் சொன்னா என் வயிறு எரியும். அட்லாண்டாவுல ஒருத்தன், டியூக் ஆர்மண்ட்னு பேரு. மூணு பாட்டு ரேடியோவுல வந்துச்சு, வாயில நாலு தங்கப்பல், கழுத்துல நாய்ச்சங்கிலி கணக்கா ஒண்ணு. அவன் பேரை என் பாட்டுல போட்டா கேக்காதவனும் கேப்பான்னு எனக்கு ஒரு நப்பாசை. அவனுக்கு மேனேஜர்னு இருந்தது அவன் மச்சான். அந்த மச்சான் ரெண்டாயிரத்து ஐநூறு சொன்னான். நானும் இந்தக் கடைக்கு ஏசி மாத்த வச்சிருந்த பணத்தைத் தூக்கி அனுப்பிட்டேன். இப்ப ஏன் உனக்கு முதுகெல்லாம் வேர்க்குதுன்னு நினைக்கிற? டியூக் ஆர்மண்டாலதான் வேர்க்குது. அந்த ஃபேனை உன் பக்கம் திருப்பிக்கோ.

மூணு வாரம் கழிச்சு வந்துச்சும்மா, வரி. பதினாறு கேட்டா பன்னெண்டு. அதுலயும் நாலு வரி அவன் பேரையே அவன் சொல்லிக்கிட்டு இருக்கான், மறந்துருவான் போல. ஸ்டூடியோவுல கூட பாடல. கார்ல உக்காந்து போன்ல பாடியிருக்கான். எப்படித் தெரியும்னா, காரைத் திருப்பும்போது விளக்கு மினுக்கும்ல, அந்த 'டிக் டிக்' பாட்டு முழுக்க அடிக்குது. இடதுபக்கம் திரும்பவே இல்ல கடைசிவரைக்கும். அதுகூடப் போகட்டும். முடிவுல கத்துறான், 'ஹூஸ்டன், கையைத் தூக்கு!'ன்னு. மெம்ஃபிஸ்காரி பாட்டுல ஹூஸ்டன் எதுக்குடா கையைத் தூக்கணும்? வேற எவனுக்கோ பாடி வச்சிருந்ததை என் தலையில கட்டிட்டான்.

கிளீவான்னு ஒரு தம்பி எனக்கு ஒலிப்பதிவு பண்றவன், ரொம்பப் பொறுமைசாலி. அவன் ரெண்டு நாள் உக்காந்து பார்த்துட்டு, டிக் டிக்கை டிரம்முக்கு அடியில புதைச்சிரலாம், ஹூஸ்டனைப் புதைக்க இடம் இல்லக்கான்னான். கடைசியில அந்த இடத்துல லாரி ஹாரனைத் தூக்கிப் போட்டோம். இன்னிக்கும் யாராச்சும் கேட்டா, அது எதுக்கு நடுவுல லாரி வருதுங்கிறாங்க. கலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

எடுத்துட வேண்டியதுதானேன்னு நீ கேக்குற. ரெண்டாயிரத்து ஐநூறு குடுத்ததை எப்படிம்மா எடுக்க முடியும்? லாரியே வந்தாலும் அவன் அங்கதான் இருக்கணும்.

இந்தப் பக்கம் குனி. ஆங், அப்படி.

பாட்டுல அவன் வந்த அந்த இடம் முதல்ல காலியாவா இருந்துச்சுன்னா... காலியா இல்ல. ரைனெல்தான் இருந்தா. நான் கேட்டேன்னு வந்து பாடிக் குடுத்தா. அரைநாள் லீவு போட்டுட்டு வந்தா. காசு? காசு எதுக்கு, உன் பேரு ஊர் முழுக்கப் பரவும்டின்னு சொன்னேன். சரின்னு சிரிச்சா. நாங்க ஒம்பது வயசுலேருந்து ஒண்ணா இருக்கோம். அவ வருவா, விங்ஸ் சாப்பிடுவா, சோபாவுல காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு என் வரியில எது நொண்டுதோ அதைச் சரிபண்ணுவா. பாதி வரி அவளே எழுதிருவா. சரி, பாதிக்கு மேலயே.

அன்னிக்கு அவ பாடினதை நான் உக்காந்து கேக்க ஆரம்பிச்சேன். பஸ் பத்தி, பிரேக் பத்தி, பின்சீட்ல சண்டை போடுற பிள்ளைங்க பத்தி ஒரு நாலு வரி போயிருக்கும், போன் அடிச்சுது. அட்லாண்டாவுலேருந்து அந்த மச்சான். டியூக் சரின்னுட்டான்னு. நான் ஹெட்போனைக் கழட்டி வச்சவதான், மிச்சத்தைக் கேக்கவே இல்ல.

சொல்லியிருக்கணும்தான். பாட்டுலேருந்து உன்னை எடுத்துட்டேன்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். பாட்டு வெளியீடுன்னு, ஸ்கேட்டிங் விளையாடுற அரங்கத்தை ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாடகைக்கு எடுத்தேன். ரைனெல் வந்தா. தனியா வரல. அவ அம்மாவைக் கூட்டிக்கிட்டு, பஸ் டிப்போலேருந்து பதினோரு பொம்பளைங்க, எல்லாரும் மஞ்சள் பனியன், முதுகுல ரைனெல் பேரு. அவங்களே செலவு பண்ணி அடிச்சிருக்காங்க. எல்லாரும் முன்னாடி வந்து நின்னாங்க.

பாட்டு ஓடுச்சு. என் முதல் பாகம் முடிஞ்சுது. அந்தப் பதினோரு பேரும் போனைத் தூக்கிப் படம்புடிக்கத் தயாரா நிக்கிறாங்க. டிக் டிக், டிக் டிக். அவன் பேரைச் சொல்றான், சொல்றான், சொல்லிக்கிட்டே இருக்கான். அப்புறம் லாரி.

ஒவ்வொருத்தியா போனை இறக்கினாங்க. ரைனெல் என்ன செஞ்சா தெரியுமா? கைதட்டினா. கடைசிவரைக்கும் நின்னு கைதட்டினா. எங்கிட்ட வந்து, நல்லாருக்கு டெமெட்ரான்னா. அவ அம்மாவை மெதுவா கைப்புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனா. அந்த அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. திட்டியிருந்தா பரவால்லம்மா. நான் திட்டுக்கு எல்லாம் தயாரா ரெண்டு பதில் வச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் பேச்சு இல்ல. நானா கூப்பிடல. அவ கூப்பிடட்டுமேன்னு இருந்தேன். தப்பு பண்ணவளுக்கு ரோஷம் ஜாஸ்திம்பாங்கல்ல, அதான். நடுவுல ஊருக்கு வடக்க, ஃப்ரேசர் பக்கத்துப் பசங்க மூணு பேரு, முன்கூட்டியே காசைக் குடுத்து அவளைத் தங்களோட பாட்டுல பாட வச்சாங்க. 'பெல்ட்டைப் போடு'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான், ஊரே புடிச்சுக்கிச்சு. பள்ளிக்கூடத்துல, கூடைப்பந்து ஆட்டத்துல, சர்ச்சு வாசல்ல கூட. இங்க வந்து உக்காருற ஒவ்வொருத்தியும், நீங்கதான் ரைனெலோட ஃப்ரெண்டாமே, அவளை ஏன் உங்க பாட்டுல போடலைங்கிறாங்க. நான் சவுரியை இழுத்துக் கட்டுற கட்டுல வாயை மூடிக்குவாங்க.

சரி, புதுப்பாட்டு ஒண்ணு வச்சிருந்தேன். மானத்தை விட்டுட்டு, வந்து பாடுடின்னு செய்தி அனுப்பினேன். பதில் வந்துச்சு. ரொம்ப மரியாதையா. முந்நூறு டாலர், பாதி முன்பணம், செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன், காலைச் சவாரி முடிஞ்சிருக்கும்னு. எல்லாருக்கும் அனுப்புற அதே செய்தி. என் பேரு கூட இல்ல அதுல.

அனுப்பினேன். சும்மா விடுவேனா? பாதி இல்ல, முழுசா அனுப்பினேன், ரோஷத்துல.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாண்ணு வந்தா. கிளீவானுக்கு வணக்கம் சொன்னா. எனக்கும் வணக்கம் சொன்னா, அதே அளவு, ஒரு பொட்டு கூடவோ குறையவோ இல்ல. மைக் முன்னாடி நின்னா, பாடினா. மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். எப்பேர்ப்பட்ட பதினாறு வரிங்கிற? எனக்கு முடி சிலிர்த்துக்கிச்சு. ஒரு இடத்துல மூச்சு சரியில்லன்னு அவளே சொல்லி மறுபடியும் பாடினா. நான் கேக்கல, அவளேதான். முடிச்சுட்டு ஹெட்போனைக் கழட்டி வச்சு, சரியா இருக்கா மேடம்னு கேட்டா.

மேடம்!

விங்ஸ் வாங்கி வச்சிருந்தேன். அவளுக்குப் புடிச்ச தேன் தடவினது. சாப்பிட்டுட்டேன்னா. பையைத் திறந்து இந்த ரசீதை எடுத்துக் குடுத்துட்டு நடந்துட்டா.

எனக்குப் பொறுக்கல. கார் நிறுத்துற இடம்வரைக்கும் பின்னாடியே ஓடினேன். நமக்குள்ள எதுக்குடி ரசீது, பழிவாங்குறியான்னேன். அவ கதவைத் திறந்துட்டு நின்னா. கோவமே இல்லம்மா அவ முகத்துல. அதுதான் எனக்கு...

"டெமெட்ரா, அந்த டியூக் ஆளு பாடினது நல்லாவா இருந்துச்சு?"ன்னா.

அவளே பதிலும் சொன்னா.

"உனக்கே தெரியும். ஆனாலும் அதை நீ எடுக்கல. ஏன்னா காசு குடுத்திருக்க. என்னோடது ஓசி, அதனால தூக்கிப் போட்டே, சொல்லக்கூடத் தோணல. இப்ப இதுக்கு ரசீது இருக்கு. இதை நீ தூக்கிப் போட மாட்டே."

அவ்வளவுதான். காரை எடுத்துட்டா. திரும்பும்போது அவ கார்லயும் டிக் டிக். சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம நின்னேன், விங்ஸ் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு.

பேராசைக்காரின்னு நானும் ஊரெல்லாம் சொல்லித்தான் பார்த்தேன். காலையிலேருந்து உனக்கு முன்னாடி உக்காந்த ரெண்டு பேர்ட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் ஆமா ஆமான்னாங்க, கத்தரிக்கோல் என் கையிலதானே இருக்கு. நீ ஒருத்திதான் ஆமா போடல.

அதனால உனக்கு மட்டும் சொல்றேன். நேத்து மத்தியானம் கிளீவான் ஒரு பாட்டு அனுப்பினான். அன்னிக்கு நான் எடுத்துப்போட்ட பழசு, ரைனெலோட பதினாறு. அவன் அழிக்கல, வச்சிருந்திருக்கான். அக்கா, இதை முழுசா கேட்டீங்களான்னு ஒரு வரி எழுதியிருந்தான். இதோ, வாசல்ல நிக்குதுல்ல, அந்தக் காருக்குள்ள உக்காந்து கேட்டேன்.

முதல்ல பஸ், பிரேக், பிள்ளைங்க. அது எனக்குத் தெரிஞ்சது. அதுக்கப்புறம் அவ அம்மா வராங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்தம்மாவுக்குப் புற்றுநோய். மருந்துல முடி கொத்துக்கொத்தா கொட்டுச்சு. நான் ஒருநாள் மெஷினை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போயி, சமையக்கட்டுல உக்கார வச்சு மொட்டை அடிச்சுவிட்டேன். தலை வடிவா இருக்கு, ராணி மாதிரி இருக்கீங்கன்னு சொல்லி எண்ணெய் தேய்ச்சேன். நாலு மாசம், வாராவாரம் போனேன். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? நான் மறந்தே போயிட்டேன்.

அவ மறக்கல. அத்தனையும் அதுல இருக்கு. எண்ணெய், அந்தம்மா சிரிச்சது, நான் காசு வேணாம்னு கதவைச் சாத்திட்டு ஓடினது. கடைசி வரியில என் பேரைச் சொல்லி, 'கூலி வாங்காம போனவளே, இந்தா உன் கூலி'ங்கிறா.

ஓசின்னு நினைச்சேன்மா நான் அதை.

வெளிய விடுங்கன்னு கிளீவான் சொல்றான். எப்படி விடுறது, அவளைக் கேக்காம? கேட்டா முந்நூறுன்னு சொன்னாள்னா இப்பவே ஓடிப்போய்க் குடுப்பேன். மூவாயிரம்னு சொன்னாலும், இந்தக் கடையை அடமானம் வச்சாச்சும் குடுப்பேன். அது உன் கூலிதானேன்னு விலையே சொல்லாம விட்டுருவாளோன்னு பயந்துதான் காலையிலேருந்து போனை எடுக்குறேன், வைக்கிறேன்.

நேரமாச்சா? எங்க போற, எந்திரிக்காத. பின்னங்கழுத்துல இன்னும் நாலு வரிசை பாக்கி இருக்கு. குனிஞ்சுக்கோ.