மங்கலமில்லாத வரி

“ஹலோ... ஆமாண்ணாச்சி, சிஸ்டர் ஜெனிட்டாதான், மதுரை ஆஸ்பத்திரியிலருந்து. வியாழக்கிழமை ஊசிக்கு வரணும்ல, ஞாபகப்படுத்தத்தான்... ஆமா, ஆமா... என்ன, குரலு நடுங்குது?... காய்ச்சலா? எப்பருந்து?... காலையிலருந்தா! எம்புட்டு?... நூத்தியொண்ணா?”

ஜெனிட்டா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் ஊர்க்காவலனுக்கு ஓர் அரிய ரத்த நோய். சிவப்பணுக்கள் உடையாமல் இருக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. அதே ஊசி மூளைக்காய்ச்சல் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடவும் கூடும். அதனால்தான், ஆபத்தான அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவசரத்தில் மருத்துவரிடம் காட்ட ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள்.

“சூட்டுக்காய்ச்சல்னு நீங்களே முடிவு பண்ணாதீக... மாத்திரை போட்டு எறங்குனாலும் போகணும்... தடுப்பூசி போட்டீகதான், இல்லேங்கல. அது எல்லாத்தையும் தடுக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல... அட்டை எங்க? சட்டைப்பையில இருக்கணும்ல?... டிசைன் ரூம்லயா? எதுக்கு?... எழுத்து பொடிசா இருந்துச்சா... என்னது, பெருசாக்கி ஆர்ட் பேப்பர்ல ஆயிரம் அட்டை அடிக்கப் போறீகளா! ஊருக்கேவா உங்க சீக்கு வந்திருக்கு?... இலவசமா... நல்ல மனசுதான், ஆமா, ஆமா... மேல பிள்ளையாரா? இருக்கட்டும்... எந்த வரியை எடுத்தீக?... ‘உயிருக்கு ஆபத்து’ மங்கலமா இல்லையாக்கும்! அதுக்குப் பதிலா?... ‘எல்லாம் நன்மைக்கே’யா! அண்ணாச்சி, அதைப் பாத்தா டாக்டர் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாரு!... புரூஃப முடிச்சிட்டுத்தான் போவீகளா?”

திட்டினால் மனிதர் நகரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். திருத்தாத புரூஃபை வைத்துவிட்டு எழும் வழக்கம் அவருக்கு இல்லை.

“சரி, நாமளே பாத்துருவோம். பழைய அட்டையை எடுத்துச் சத்தமா வாசிங்க... ம்... ‘காய்ச்சல்’. டிக் போடுங்க... உங்களுக்குத்தான், போடுங்க... ‘தலைவலி’. இருக்கா?... போடுங்க... ‘கழுத்து விறைப்பு’. தலையக் குனிஞ்சு நாடிய நெஞ்சுல தொட்டுப் பாருங்க... தொட முடியலையா...”

அவள் மேசையிலிருந்த இன்னொரு போனை அருகே இழுத்துக்கொண்டாள்.

“அடுத்த வரி அண்ணாச்சி... ம்... ‘ஒன்று இருந்தாலும் உடனே’... நிறுத்தாம வாசிங்க... ஆமா, நீங்க எடுத்த வரிதான்... பயப்படாதீக. சீக்கிரம் மருந்து ஏத்துனா சமாளிச்சிரலாம். மதுரைக்கு வர வேண்டாம், பக்கத்துல உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, இப்பவே... நீங்க ஓட்டாதீக! லோடு வேன் டிரைவரக் கூப்பிடுங்க... யாரு, மதினியா? மதினி, பழைய அட்டையைக் கையில வச்சுக்கோங்க. புதுசு இல்ல, பழசு! உள்ள நுழைஞ்சதும் டாக்டர்கிட்ட மொத அதை நீட்டுங்க. நானும் அங்கன போன் போட்டுச் சொல்லிருதேன்... என்ன சொல்றாரு?... சட்டை மாத்தணுமாமா? மை பட்ட சட்டையோட போனா மதிக்கமாட்டாகளா?... மதினி, பொண்ணு பாக்கவா போறாரு? தூக்கி வண்டியில போடுங்க!... மதினி?... ஹலோ?”

வேன் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது, ஹாரன் ஒலித்தது, இணைப்பு அறுந்தது.