தம்பி போட்ட கையெழுத்து

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, ஐயா. காகிதத்தை நான்காக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.

கட்டட அனுமதி அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். என் தம்பி அங்கேயே பொறியாளர். வருகிற வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அவன் வேலை. அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. என் படிப்பை நிறுத்திக்கொண்டு அவனைப் படிக்க வைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது அது.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாலை நேரங்களில் அவன் அங்கே உட்கார்ந்து தனியாருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. வெளிவேலை செய்யும் ஊழியர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். யாருக்குச் செய்கிறார் என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்த ஆளின் கோப்பு அலுவலகத்துக்கு வந்தால் வேறொருவர்தான் அதைப் பார்க்க வேண்டும். விதி இவ்வளவுதான். தம்பி ஒரு படிவம்கூடத் தவறவிட்டதில்லை. அவையெல்லாம் என் அலமாரியில் இருந்தன, சாவி என்னிடம்.

வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதவைத் திறப்பவன் நான். ஒரு நாள் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க சார்கிட்ட வேலை பார்க்கிறவரா?" என்று கேட்டார். தம்பி உள்ளேயிருந்து எழுந்து வந்து, "எங்க அண்ணன். இவர் இல்லேன்னா நான் இல்ல" என்றான். வந்தவர் அவன் பணிவைத்தான் மெச்சினார். என் மகள், மேலே என்ன படிப்பது என்று சித்தப்பாவிடம் போய்க் கேட்டாள். என் மனைவியோ எதற்கெடுத்தாலும், "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்பாள். பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. வேண்டாம், ஐயா. ஒரு வீட்டுக்கு மூத்தவன் ஒருவன்தான். அந்த வரிசை குலைந்தால் குடும்பத்துக்கு மானம் ஏது? நான் காத்தது அதைத்தான்.

தையல்கூடத்துக்கான இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் கோப்பு வந்தது. வரைந்தவன் தம்பி. முறைப்படி அதை எங்களிடம் இருந்த இன்னொரு பொறியாளருக்கு, ஓர் அம்மாளுக்கு, அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க தம்பியும் மனுஷப் பிறவிதான் போலிருக்கே, பெரியவரே. நடுத்தூண்ல சறுக்கிட்டாரு. மாடியில மெஷின் பாரம் ஏறினா அது தாங்காது. குறிப்பு எழுதி வெச்சிருக்கேன்."

"சொல்லிடறேன்மா."

"திட்டிடாதீங்க, பாவம். அவரே சிரிச்சுக்கிட்டே திருத்திடுவாரு."

ஒன்பது வரிக் குறிப்பு. நான்கு முறை படித்தேன். அவ்வளவு அழகான எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மாள் நீண்ட விடுப்பில் போனார். கோப்பிலிருந்து அவருடைய குறிப்பை எடுத்து ஒளித்தேன். அந்தக் கட்டடத்துக்குத் தம்பி தந்திருந்த படிவத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். கோப்பை அவன் மேசையில் வைத்தேன்.

"அண்ணே, இது நான் வரைஞ்சதாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

"அந்த அம்மா பார்த்தாச்சு. குறை ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. அவங்க லீவு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"நான் போட்டதுக்கு நானே ஒப்புதல் கொடுக்கக் கூடாதேண்ணே."

"மேலதிகாரி சம்மதம் வாங்கி வெச்சிருக்கேன். விதியை எனக்கே சொல்லித் தர்றியா?"

அவன் சிரித்தான். "நீங்க சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டான். உள்ளே ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

என் திட்டம் சிறியது. தன் வேலைக்குத் தானே ஒப்புதல் கொடுத்தான் என்று ஒரு மொட்டைக் கடிதம். விசாரணை. சில மாதம் பணியிடைநீக்கம். தலை குனிந்து என் முன்னால் வந்து நிற்பான். நான் நாலு பேரிடம் பேசிச் சரிசெய்வேன். கடிதத்தை எழுதியும் வைத்தேன். கட்டடம் முடிந்தால்தான் புகார் எடுபடும் என்று பொறுத்திருந்தேன். ஏழு மாதம். அந்த வழியாகத்தான் தினமும் அலுவலகம் போவேன். நடுத்தூணுக்குப் பூச்சு பூசுவதைப் பார்த்தேன். மெஷின்கள் மாடிக்கு ஏறுவதைப் பார்த்தேன். வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி எனக்கு வணக்கம் சொல்வாள், நானும் சொல்வேன்.

கடிதத்தை நான் அனுப்பும் முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் கட்டடம் விழுந்தது. இறந்தவர்கள் நான்கு பேர் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஐந்தாமவள் பதினோராம் நாள் மருத்துவமனையில் இறந்தாள். திருத்திக்கொள்ளுங்கள். வணக்கம் சொன்னவள் அவர்களில் ஒருத்தியா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த அம்மாள் வந்து, குறிப்பு வைத்தேன் என்று சாட்சி சொன்னார். குறிப்பு எங்கே, படிவம் எங்கே என்று தம்பியைக் கேட்டீர்கள். நானும் அந்த அறையில்தான் நின்றேன். அவன் என்னையே சிறிது நேரம் பார்த்தான். பிறகு, "ரெண்டையும் நான்தான் எடுத்தேன். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. "சித்தப்பா எவனையோ காப்பாத்துறாரும்மா" என்கிறாள் மகள். "அந்த மனசு யாருக்கு வரும்?" என்கிறாள் என் மனைவி, என் எதிரிலேயே. சிறையில் பார்க்கப் போனால், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்பிட்டீங்களாண்ணே? உடம்பைப் பார்த்துக்குங்க. நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்கிறான். என்னை மன்னித்துவிட்டான், ஐயா. நான் கேட்காமலே.

படிவமும் குறிப்பும் இந்த உறையில் இருக்கின்றன. குடும்ப மானத்துக்காக உண்மையைச் சொல்ல வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் பெயரை எங்கும் சேர்க்காதீர்கள். ஐந்து பேரையும் கொன்றவன் நான். அதில் ஒருவரைக்கூட அவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.