மேல் லயம் தெரியும் கண்ணாடி

எனக்கு ட்யூப் லைட் வெளிச்சம் பிடிக்காது. அதன் கீழே எவரைப் பார்த்தாலும் காய்ச்சல்காரர் போலத் தெரியும். அதனால்தான் கலவானைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் எங்கள் கம்பெனி புது அலுவலகம் கட்டியபோது, மலையைப் பார்த்த சுவர் முழுவதையும் கண்ணாடியாக வைத்தேன். விசாரிக்க வந்த நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய யோசனை.

நான் யாழ்ப்பாணத்தான், கட்டட வடிவமைப்புப் படித்தவன். ஒரு கம்பெனியின் குணத்தை வாசலில் எழுதி மாட்டக்கூடாது, உள்ளே வருகிறவர் கண்ணால் கண்டு உணரவேண்டும் என்பது என் கொள்கை. தொழிலாளரும் நாங்களும் ஒரே குடும்பம் என்பது தெரியவேண்டும் என்று கம்பெனித் தலைவர் சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு அப்பால் சரிவில் மேல் லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அடுப்புப் புகை, கொடியில் காயும் துணி. அதற்கு முன்னால் முற்றத்தில், கொழுந்து ஏந்திய இரண்டு கைகள், சீமெந்தில், ஆள் உயரத்துக்கு. பார்க்கிறவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மேல் லயத்தில் இருந்து கொழுந்து பறிக்கப் போகும் துஷ்யந்தியின் கைகளை அச்செடுத்து, அதைப் பார்த்துப் பெரிதாகச் செய்தோம்.

"கறையெல்லாம் கழுவிட்டு வரட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அதுதான் வடிவு," என்றேன். அச்சு இறுகும்வரை அசையாமல் இருந்தாள். நல்ல பிள்ளை.

சிலைக்கு இடம் போதவில்லை. லயத்துக்கு அடியில் இருந்த மண்மேட்டை வெட்டி எடுத்தோம். வெட்டிய இடத்தில் மண் சரியாதபடி கல் அணை கட்டியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்து பார்க்க அது சிறைச்சாலை மதில் மாதிரி இருக்கும். புல் பதித்தோம்.

மழை தொடங்கியதும் லயத்துத் தரையில் வெடிப்பு விழுந்தது. சனங்கள் பாயும் பானையுமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திறப்பு விழா நெருங்கிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். புகையும் இல்லை, துணியும் இல்லை. சாவீடு போல இருந்தது. தலைவரிடம் அதையா குடும்பம் என்று காட்டுவது?

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். துஷ்யந்தியின் தகப்பன் பழனியாண்டிதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார்.

"வெடிப்புக்குள்ள கை போகுதுங்க ஐயா."

"எஞ்சினியர் வந்து பார்த்திட்டார். பயமில்லையெண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் போய் இருங்கோ."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா நம்ம பாஷைக்காரரு. நமக்கா பொய் சொல்லப்போறாரு? வாங்க, போவோம்."

வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடைத்துக் கொடுத்தேன். விழாவன்று நல்ல நிறமான துணியாகப் பார்த்து இறவாரத்துக் கொடியில் போடும்படியும் சொல்லிவைத்தேன். துஷ்யந்தி தன் கல்யாணச் சேலையைக் கொடியில் போட்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மழை வலுத்தது. பழனியாண்டி நனைந்தபடி அலுவலக வாசலுக்கு வந்தார். காலெல்லாம் சேறு என்பதால் உள்ளே வரவில்லை.

"செவுத்துல சத்தம் கேக்குதுங்க. எல்லாரும் எறங்கி வந்துரட்டுங்களா?"

தலைவர் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார். விருந்தாளிகள் கண்ணாடியைப் பார்த்து இருந்தார்கள். அந்த நேரத்தில் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடி வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"படம் எடுத்து முடியட்டும்," என்றேன்.

அவர் வாசலிலேயே காத்து நின்றார். அதனால் பிழைத்தார்.

மலை இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தடித்த கண்ணாடி, சத்தம் அதிகம் வரவில்லை. தலைவர் மலைக்கு முதுகு காட்டி நின்றதால் இன்னும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். துஷ்யந்தியும் அவளுடைய கைக்குழந்தையும் மண்ணுக்குள் போனார்கள். மற்றவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. சேறு கண்ணாடிவரை வந்து நின்றது. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. அந்தச் சுவருக்கு மட்டும் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்திருந்தேன்.

பழனியாண்டிக்கு அலுவலகத்தில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தது நான். என்னைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறார். போன கிழமை மெதுவாகக் கேட்டார்:

"லயத்தைப் பாத்துட்டுப் போன எஞ்சினியர் ஐயா பேரு என்னங்க? எந்த எடத்துல நின்னு பாத்தாருன்னு ஒருக்கா கேக்கணும்."

லயத்துக்கு எந்த எஞ்சினியரும் வரவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்தால் என்ன சொல்வார் என்று மேட்டை வெட்டிய அன்றைக்கே எனக்குத் தெரியும். அவர் வெளிநாடு போய்விட்டார் என்று பழனியாண்டியிடம் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளையும் பேரப்பிள்ளையையும் பறிகொடுத்த மனிதர். அவரை மேலும் நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.