ஒத்திகை பார்த்த குற்றவாளி பேசுகிறேன்

இந்தக் கட்டடத்தின் உரிமையாளரும் இன்றைய கூட்டத்தின் தலைவருமான அம்மையார் அவர்களே! எங்கள் இசைக்கூடமான பின்னறையைக் காகிதக் கிடங்காக்கித் தரச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர் அவர்களே! மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று தூணுக்குப் பின்னால் இடம்பிடித்திருக்கும் என் உடன்பிறந்த தம்பியே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் வணக்கம்!

இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். பின்னறை இசைக்கா, காகிதத்துக்கா? அதற்குமுன் அங்கே என்னதான் நடக்கிறது என்று கேளுங்கள்.

சனிக்கிழமை மாலை. இருபது நாற்காலி, அதில் நான்கு ஆடும். மருந்துக்கடை அக்கா புல்லாங்குழல், நான் வயலின், லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி டிரம். பாட்டுப் புத்தகம் கிடையாது, பயிற்சி கிடையாது, பாதை கிடையாது! அந்த நொடியில் பிறப்பதை அந்த நொடியிலேயே வாசிப்போம். ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுப்பிய ஒலிக்கு இன்னொருவர் பதில் தராமல் இருக்கக் கூடாது.

"இது இசையா, இரைச்சலா?" என்று கேட்கிறார்கள். யார் அங்கே சிரிப்பது? கேட்டதே நீங்கள்தானே ஐயா! சில வாரம் இரைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் தைக்கிற சட்டையெல்லாம் உங்களுக்குக் கச்சிதமாகவா அமைந்துவிடுகிறது? பிரித்துத் தைத்துத் தருகிறேனா இல்லையா? அதேதான் அங்கேயும்!

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், "இனிமே தையல் மிஷின் மிதிக்க மாட்டேன், லிஃப்ட் வேலைக்குப் போறேன்" என்றான் தம்பி. எனக்கு வந்ததே கோபம்! "போடா, இனி என் முகத்துலயே முழிக்காத" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அன்றே தைத்திருக்க வேண்டும். அவனும் என் அப்பனுக்குப் பிறந்தவன் அல்லவா? வீம்பு வீம்பாகவே நின்றது. தெருவில் நான் இந்தப் பக்கம் வந்தால் அவன் அந்தப் பக்கம் போவான்.

நான் பின்னறையில் சேர்ந்த மறுவாரம் வந்து நிற்கிறான், கையில் டிரம் குச்சி! அவனும் போகவில்லை, நானும் எழவில்லை. நான் ஏன் எழ வேண்டும்? அக்கா குழலை எடுத்தார், நான் வில்லை இழுத்தேன், தம்பி தட்டினான். பதில் தந்துதானே ஆக வேண்டும்? சட்டமாயிற்றே! வாயால் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வாரம் தவறாமல் நான் கேட்க அவன் சொன்னான், அவன் கேட்க நான் சொன்னேன். தாய்மார்களே, எனக்கு அவன் குரல் அந்த அறையில் மட்டும்தான் கேட்கிறது!

அப்படியிருக்க, அச்சகத்தாரின் மனுவைப் பார்த்துவிட்டு, "நானே வந்து ஒரு தடவை கேட்டுட்டுத்தான் ஓட்டுக்கு விடுவேன்" என்றார் தலைவர். பயந்துபோனோம். பயத்தில் என்ன செய்தோம் தெரியுமா? ஒத்திகை பார்த்தோம்! உலகமெல்லாம் ஒத்திகை பார்க்காததுதான் குற்றம், எங்களுக்குப் பார்த்ததே குற்றம்! மூன்று வாரம் அவரவர் வீட்டில் பயிற்சி. அம்மையார் வந்த அன்று, தாளில் எழுதி, தாளைப் பார்த்து, தப்பே இல்லாமல் வாசித்தோம். அம்மா கொட்டாவி விட்டார். மறைக்காதீர்கள் அம்மா, இரண்டு முறை விட்டீர்கள்! நானும் தம்பியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. யாருக்கு யார் பதில் சொல்வது? எல்லாம்தான் எழுதியாகிவிட்டதே!

அப்போது பக்கத்து அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. டக்... சர்ர்... டக்... வேண்டுமென்றே போட்டாரா என்று நான் கேட்கமாட்டேன். தம்பி தாளைக் கீழே போட்டான். இரண்டு வெட்டுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் ஒரே ஒரு தட்டு. பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல்முறை! என் வில் தானாக எழுந்தது, அக்காவின் குழல் கூடவே ஓடிவந்தது. அச்சகமே எங்களோடு வாசித்தது ஐயா! முடித்தபோது அம்மையார் கேட்டார், "இவ்வளவு நேரம் இதை எங்கப்பா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

காகிதத்துக்குக் கிடங்கு எங்கும் கிடைக்கும். கூரை இருந்தால் போதும், கதவு இருந்தால் போதும். பேசாத இருவர் பதில் சொல்லிக்கொள்ள இந்தத் தெருவில் வேறு அறை எங்கே இருக்கிறது? காட்டுங்கள், இப்போதே வயலினைத் தூக்கிக்கொண்டு போகிறேன்! இருக்கிறதா? இருக்கிறதா?

என்னது? பின்னால் யார் சத்தம் போடுவது? கொஞ்சம் அமைதி, அமைதி...

"அண்ணே! பேசினது போதும். மைக்க வெச்சிட்டு வயலின எடு."

தலைவர் அவர்களே, கேட்டீர்களா? தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. அண்ணே என்றான்! இனி நான் எதைப் பேச? கைகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு நேரம் காது கொடுத்தவர்களுக்கு நன்றி, எதிர்த்துக் கை தூக்கப் போகிறவர்களுக்கும் என் வணக்கம்!

இதோ வர்றேன்டா தம்பி!