அரைக்கும் ஆறுக்கும் நடுவில் என் கணவர்

தெருவில் எல்லோரும் டெய்லரக்கா என்று அழைக்கும் நான், வயது நாற்பத்து மூன்று, சந்தைத் தெருவில் தையல் கடை வைத்து, கடைக்கு மேலே மாடியில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், அவருடனேயே வேலை செய்கிறார். மேற்படி கொழுந்தன் மருத்துவமனையின் இளம் நர்ஸ் மீது போலீஸில் புகார் கொடுத்து, அதனால் அந்த நர்ஸ் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது தொடர்பாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

போன திங்கட்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த என் கணவரைக் குளவிகள் கொட்டிவிட்டன. முதலில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதன் பிறகு உதடு வீங்கி, குரல் அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. கொழுந்தன் அவரைத் தோளில் தூக்கிப் பெயின்ட் டப்பாக்கள் கிடந்த வேனில் போட்டு, வழியில் கடை வாசலில் என்னையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரட்டினார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் நான் ஏறினேன்.

அதன் பிறகு அவசர சிகிச்சை அறையில் அவரைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆக்ஸிஜன் இரைச்சல் ஒரு பக்கம், பக்கத்துக் கட்டில்காரரின் அலறல் ஒரு பக்கம், இரண்டையும் தோற்கடிக்கும்படி என் கொழுந்தனின் கூச்சல் ஒரு பக்கம். முகக்கவசம் போட்டிருந்த டாக்டர், "அட்ரினலின், அர மில்லி, தொடையில" என்றார். வேலைக்குப் புதிதான அந்த இளம் நர்ஸ் ஓடிப்போய் மருந்துக் குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துப் பெரிய ஊசி ஒன்றில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த தலைமை நர்ஸை அங்கே எல்லோரும் பெரியக்கா என்றுதான் அழைக்கிறார்கள். குப்பி உடையும் சத்தம் நிற்கவே இல்லையே என்று அவர் ஏற்கெனவே திரும்பிப் பார்த்திருந்தார். ஊசி தொடைக்கு அருகில் வந்ததும் குறுக்கே தன் கையை வைத்தார்.

"எவ்வளவும்மா எடுத்திருக்க?"

"ஆறு மில்லிக்கா. டாக்டர் சொன்னாரே."

"டாக்டர், அரையா, ஆறா? பாதியா, அஞ்சுக்கு அடுத்ததா?"

"பாதி, பாதி!" என்றார் டாக்டர்.

"எங்கண்ணன் உயிரு போகுது, இங்க கணக்குப் பாடம் நடக்குதா?" என்று கொழுந்தன் கத்தினார். பெரியக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வேறு சின்ன ஊசியில் மருந்தெடுத்து, "பாதி மில்லி" என்று உரக்கச் சொல்லி டாக்டரிடம் காட்டிவிட்டுப் போட்டார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் கண்ணைத் திறந்து, வேனைப் பூட்டியாயிற்றா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு சாயங்காலம் டாக்டரும் பெரியக்காவும் அந்த நர்ஸும் சேர்ந்து எங்களிடம் வந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் டாக்டரே சொன்னார். ஆறு மில்லி உள்ளே போயிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்பதையும் சொன்னார். "திருப்பிச் சொல்லுங்கன்னு நான் கேட்டிருக்கணும். தப்புல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். அந்த நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். பெரியக்கா அவர் முதுகில் கை வைத்தபடி நின்றார். நினைத்திருந்தால் முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? தையல் பிசகினால் துணியைக் குறை சொல்லும் ஆட்களோடு காலம் தள்ளுகிற எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் முதல் அந்த அறையில் 'அரை' என்ற சொல்லுக்கே தடை. 'பாதி' என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் குப்பியில் கை வைக்க வேண்டும். டீ வாங்கப் போனவர்கூட, "பாதி சர்க்கரை" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போனதை நான் என் காதால் கேட்டேன்.

அதன் பிறகுதான் கொழுந்தன் புகார் கொடுத்தது எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. "கொல்லப் பாத்தோம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க அண்ணி, இதவிட என்ன சாட்சி வேணும்?" என்றார்.

"அவங்க சொன்னதாலதானே தம்பி உனக்கே தெரியும்? உண்மையச் சொன்னவங்க வாயிலயே அடிச்சா, நாளைக்கு எவன் வாயத் திறப்பான்?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

எனக்கும் என் கணவருக்கும் யார்மீதும் புகார் இல்லை. அந்த நர்ஸ் மீது வழக்குப் போடாமல் அவரை வேலைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவருக்கு அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "எனக்கு ஊசி போட அந்தப் பொண்ணுதான் வரணும். அந்தப் பொண்ணவிட கவனமா அளவு பாத்துப் போட இனி யாரு இருக்கா?" என்று என் கணவர் சொல்லி அனுப்பியதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இதில் கண்டவை யாவும் நான் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் சொன்ன உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. படிக்கக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

(கையொப்பம்)