முதல் கிழங்கு

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, வேகவைக்கும்போது சட்டியை மூடக் கூடாது. பாதி வெந்ததும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட வேண்டும். எங்கள் வீட்டில் இதை நான்தான் செய்வேன். என் மனைவி மேனகாவுக்கு அந்தப் பக்குவம் வராது. எனக்குக் கிழங்கு என்றால் உயிர், மேடம். அதனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். மலையிலிருந்து சென்றாயன் கொண்டுவந்து கொடுத்த கிழங்கை நான் ஏன் தின்னவில்லை? மேனகா சொல்லியிருப்பாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வாக்குமூலம் எழுத வசதியாக இருக்கும்.

என் பெயர் தரணிதரன். ஊர் காளப்பநாயக்கன்பட்டி. சிவில் டிப்ளமா படித்திருக்கிறேன். மேல்வளவில் நடந்த மண் வேலைக்கு நான்தான் சைட் சூப்பர்வைசர். மேல்வளவு, மலைமேல் இருக்கிற சோளக்காடு என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, இருபது முப்பது வீடுகள் கொண்ட வளவு. அங்கே ஒரு காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிக் காரீயம் எடுக்கிற கொட்டகை ஒன்று ஓடியது. அனுமதி கிடையாது. கீழே செய்தால் பிடித்துவிடுவார்கள் என்று மலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூடிப் பத்து வருடம் ஆகிறது. நடத்தினவன் போய்விட்டான், காரீயம் மண்ணிலேயே தங்கிவிட்டது. அந்த இடத்தில் கோழி மேய்ந்தால் சாகும் என்று ஊரில் வேலி போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த நிலத்தைச் சுத்தம் செய்ய அரசாங்கம் பணம் ஒதுக்கியது. மூன்றடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அதைக் கீழே, இதற்கென்றே கட்டிய குழிக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பிறகு நல்ல மண் நிரப்பி, ஊருக்கு ஒரு அங்கன்வாடியும் மிளகு காயவைக்க ஒரு களமும் கட்டித் தர வேண்டும். நல்ல திட்டம். இன்றைக்கும் சொல்வேன், நல்ல திட்டம். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கடைசி லோடு மண்ணும் போய்ச் சேராவிட்டால் மீதிப் பணம் திரும்பிப் போய்விடும் என்று ஆணையில் இருந்தது. மேல்வளவு தோற்றால், இதே மாதிரி வரிசையில் காத்திருந்த இன்னும் இரண்டு இடங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மீட்டிங்கில் சொன்னார்கள். என் கையில் முதன்முதலாகத் தனியாக ஒப்படைத்த வேலை அது. வேலையில் நான் சுத்தம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மார்ச் இருபதாம் தேதி கோடை மழையில் மலை ரோட்டின் ஒரு வளைவில் பாறை சரிந்தது. கார், பஸ் போகலாம், லோடு லாரி போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பதினோரு லோடு மண் தார்ப்பாய்க்கு அடியில் மேலேயே நின்றுவிட்டது. நான் தினமும் போய் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் சென்றாயன் வந்தார். சைட்டுக்குக் கீழே அவருடைய காடு. படிப்படியாகக் கல் அண்டை போட்டு மண்ணைத் தடுத்த சரிவு நிலம். மலையில் மழைக்கு மண் அடித்துக்கொண்டு போய்விடும். வருடா வருடம் கீழே இறங்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே சுமப்பார்கள். முந்தின ஐப்பசி மழையில் அவர் காட்டில் பாதி பாறையாகிவிட்டது. அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க, கருகருன்னு இருக்குது. இத்தனை மண்ணையும் கீழ கொண்டுபோயி என்னங்க பண்ணுவீங்க?”

“கொட்டிருவோமுங்க.”

“அட சாமி. என்ற காட்டுல பாறை பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. எனக்குக் குடுத்தா ஆகாதுங்களா? கொட்டாய் மண்ணு ஆகாதுன்னு சொல்லுவாங்க, அதுதான் ரோசனை.”

“ஆகாத மண்ணெல்லாம் போயிருச்சுங்க. இது அடி மண்ணு.”

இதைச் சொன்னது நான்தான். குரல்கூட மாறவில்லை.

அவர்கள் வளவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காட்டுக்கு இன்னொருவர் மண் கொடுத்தால், அந்த மண்ணில் விளைந்த முதல் கிழங்கைக் கொடுத்தவர்தான் தின்ன வேண்டும். அதனால் கெட்ட மண்ணை யாரும் கொடுக்க மாட்டார்கள். நம் பக்கம் கையெழுத்து கேட்பார்கள், அவர்கள் வாயைக் கேட்கிறார்கள்.

“மொதக் கெழங்கு நான் திங்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதுமுங்க.”

“திங்கறேன்” என்றேன்.

டிராக்டரில் இரண்டு பகலில் பதினோரு லோடும் அவர் காட்டில் இறங்கியது. பாறை சரிவதற்கு முந்தின தேதி போட்டு, குழிக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு காட்டைப் பார்ப்பதா, மூன்று ஊரைப் பார்ப்பதா? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். அது மரியாதையில்லை.

அவருக்கு ஒரே பெண் குழந்தை. நாலு வயது. ராதிகா. என் மகளும் ராதிகாதான், ஐந்து வயது. இது தெரிந்ததும் அவர் மனைவி அத்தாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப எங்களுக்கு ரெண்டு ராதிகாங்க” என்றார். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் என் மகளுக்கென்று ஒரு சீப்பு மலைவாழை காத்திருக்கும். சின்ன ராதிகா என் பைக் சத்தம் கேட்டால் ஓடிவருவாள். “லாரி மாமா” என்று கூப்பிடுவாள். டாங்க் மேல் உட்காரவைத்து அங்கன்வாடிக் கட்டடம் வரைக்கும் ஒரு சுற்று போய்வர வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை விடமாட்டாள். எனக்கு அந்தக் குழந்தை மேல் பாசம் இருந்தது. இதை நீங்கள் நம்பாமல் போகலாம். உண்மை அது.

வைகாசியில் கிழங்குக் குச்சி நட்டார்கள். அத்தாயி நட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அண்டை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கருமண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். “மண்ணு திங்க உடாதீங்கக்கா, பூச்சி வரும்” என்று சொன்னேன். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். “எத்தனை அடிச்சாலும் கேக்கறதில்லீங்க, இனிக்குதுங்கறா” என்றார். அடுத்த முறை போகும்போது சேந்தமங்கலத்தில் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆடியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். ஆவணியில் முகம் வெளுத்துவிட்டது. “லாரி மாமா” என்பது “மாமா” ஆயிற்று, பிறகு “மா” ஆயிற்று. வந்த பேச்சு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவர மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பாள். நான் சைட்டுக்கு வேறு வழியில் போக ஆரம்பித்தேன்.

புரட்டாசியில் சோளக்காட்டில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மண்ணை எடுத்த பிறகு அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அருள்மொழி என்று ஒரு டாக்டர் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். பெற்றவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: “பயப்படாதீங்க. ரத்தத்துல ஏறியிருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சுட்டாப் போதும். அந்த மண்ணை விட்டு நகர்த்தி மருந்து குடுத்தாக் குழந்தையைக் காப்பாத்திரலாம். அதுக்குத்தான் வந்திருக்கோம்.” நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சின்ன ராதிகாவையும் சேர்த்துப் பத்தொன்பது குழந்தைகளின் பெயர்கள் ஏற்கெனவே பட்டியலில் இருந்தன. ஒரு பெயர் குறைந்தாலும் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குப் போனால் காட்டைப் பார்ப்பார்கள். குழந்தைகளை ஜீப்பில் அழைத்துவருவது என் பொறுப்பு. அத்தாயியிடம், “உங்க ஊடு சைட்டுக்குக் கீழ இருக்குது, உங்க பிள்ளைக்குத் தேவையில்லீங்க” என்று சொல்லியிருந்தேன். முகாமுக்கு வந்தவர்களுக்கும் குழந்தைகள் பெயர்தான் தெரியும், முகம் தெரியாது. அங்கன்வாடி டீச்சருக்கு அன்று வேறு மீட்டிங். மற்றக் குழந்தைகளைப் பெற்றவர்களோடு ஊரில் இறக்கிவிட்டு, வீட்டிலிருந்து கூட்டிவந்திருந்த என் மகளைக் கடைசி ஆளாக அழைத்துக்கொண்டு போனேன்.

“அப்பா பேரு கேட்டா சென்றாயன்னு சொல்லோணும், கண்ணு. இன்னைக்கு ஒரு விளையாட்டு” என்று சொல்லியிருந்தேன். அவள் கெட்டிக்காரி. கணீரென்று சொன்னாள். அந்தச் சின்னக் கையில் ஊசி ஏறும்போது நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என் குழந்தையின் ரத்தத்தைக் கொடுத்தேன், மேடம். எந்தத் தகப்பனுக்கும் அது லேசான காரியமில்லை. முடிவு நல்லபடியாக வந்தது. அந்தக் காகிதத்தை நானே கொண்டுபோய் அத்தாயியிடம் கொடுத்தேன். முகாமுக்கே போகாத பிள்ளைக்குக் காகிதம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை சென்றாயன் போன் செய்தார். குழந்தைக்கு வலிப்பு. நான் சைட்டில் இருந்தேன், என் ஜீப்பில்தான் மலையிலிருந்து இறக்கினேன். அத்தாயி பின்னால் மடியில் போட்டுக்கொண்டு, “கண்ணு, அம்மாவைப் பாரு கண்ணு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருக்கும். எழுபது வளைவு. நான் எண்ணிக்கொண்டே ஓட்டினேன். முப்பத்தெட்டாவது வளைவில் துடிப்பு அடங்கியது. நல்லதுதான் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அத்தாயி மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். “ரத்தமெல்லாம் நல்லாருக்குதுன்னு எழுதியிருக்குதுங்களே, பாருங்க” என்று கெஞ்சினார். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அந்த டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதன் முடிவு தாமதமாகத்தான் வந்தது, அதை வைத்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். மத்தியானம் குழந்தை போய்விட்டாள். அத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் எத்தனையோ பண்ணுனீங்க சாமி” என்று கதறினார். என் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை. அது நடிப்பில்லை.

தை பிறந்ததும் கிழங்கு பிடுங்கினார்கள். சென்றாயன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். “வாக்கு வாக்குதானுங்க. மொதக் கெழங்கு உங்களது. உங்க ராதிகாவுக்கு ஆக்கிப் போடுங்க. எங்களுது திங்கறதுக்கு இல்லாமப் போச்சு.” இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் தெருமுனை தாண்டுகிறவரை வாசலில் நின்றேன். உள்ளே வந்தால் மேனகா அடுப்பில் உலை வைத்துவிட்டாள், என் மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் சட்டியை இறக்கித் தண்ணீரைக் கொட்டினேன். “கசக்கற கெழங்கு, வேண்டாம்” என்றேன். குழந்தை அழுதாள். மேனகா என் முகத்தையே பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே, ஆமாம். அந்த மண்ணில் என்ன இருந்தது என்று தெரிந்தே கொடுத்தேன். குழந்தை அதைத் தின்பதைப் பார்த்தேன். அவள் ரத்தம் வர வேண்டிய இடத்தில் என் மகளின் ரத்தத்தை வைத்தேன். புரட்டாசியில் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இரண்டு மாதம் முழுசாக இருந்தது. சென்றாயன் குழந்தையைக் கொன்றது நான்தான். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கிழங்கு மூட்டையை என்ன செய்தேன் என்பதுதானே மீதி. எங்கள் தோட்டத்தில் புதைக்கவில்லை. கிணறு பக்கத்தில் இருக்கிறது, என் ராதிகா குடிக்கிற தண்ணீர். வண்டியில் வைத்து அடிவாரத்து ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துத்தான் கொட்டினேன். அங்கே யாரும் இல்லை, மேடம். ஆடு மேய்க்கிறவர்கள் நாலைந்து குடும்பம் மட்டும்தான்.